அறுவை அரங்கில் எழும் புகை

முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி, இடுப்புக்குக் கீழே மட்டும் உணர்விழக்கச் செய்து சிசேரியன் அறுவை செய்துகொண்ட தாய்மார்கள் சிலர், வார்டுக்குத் திரும்பிய பின் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "வலி ஏதும் தெரியவில்லை. ஆனால் ஏதோ கருகுகிற வாடை வந்ததே, அது என்ன?" கேட்கத் தயங்கியவர்களும் இருப்பார்கள். குழந்தைக்கு ஏதும் ஆகிவிட்டதோ, கருவி எதுவும் தீப்பற்றிக்கொண்டதோ என்று அந்தச் சில நிமிடங்கள் மனத்துக்குள் அஞ்சியபடியே படுத்திருந்திருப்பார்கள். குடலிறக்கம், மூலம், கால் எலும்பு முறிவு போன்றவற்றுக்காக விழித்த நிலையில் அறுவை செய்துகொள்வோரும் இதே வாடையை உணரக்கூடும். முழு மயக்கத்தில் இருப்போர் அதை அறிவதில்லை.

அந்த வாடைக்குக் காரணம் தீ விபத்து அன்று. திசுவை அறுக்கவும் குருதிக் கசிவை அடைக்கவும் மருத்துவர் பயன்படுத்தும் மின்கருவியின் முனையிலிருந்து எழும் புகை அது. மருத்துவ உலகம் அதை 'அறுவைப் புகை' என்று குறிப்பிடுகிறது.

நோயாளிக்கு இப்புகை வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோ நேரும் அனுபவம். அவரைச் சுற்றி நின்று பணிபுரிவோருக்கோ அது நாள்தோறும் சுவாசிக்கும் காற்று. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது அப்போது எளிதில் விளங்கும்.

கத்தியின் இடத்தில் மின்னோட்டம்

நூறாண்டுகளுக்கு முன் அறுவைச் சிகிச்சையின் பெரும்பகைகளுள் ஒன்று குருதிப்பெருக்கு. தலையிலும் மூளையிலும் வளரும் கட்டிகளை அறுக்கத் தொடங்கிய மருத்துவர்கள், பெருகும் குருதியை நிறுத்த வழியின்றிப் பாதியில் கைவிட நேர்ந்ததுண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் புகழ்பெற்ற மூளை அறுவை வல்லுநர் ஹார்வி குஷிங், அவ்வாறு சில நாட்களுக்கு முன் பாதியில் நிறுத்திய ஓர் அறுவையை 1926 அக்டோபர் 1 அன்று மீண்டும் தொடர்ந்தார். இம்முறை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் போவி உருவாக்கிய மின்கருவி அவருக்குத் துணையாக இருந்தது. கட்டி அகற்றப்பட்டது. அமெரிக்க அறுவை அரங்குகளில் இன்றும் அக்கருவியைப் 'போவி' என்றே அழைக்கிறார்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் அது 'காட்டரி' என்றும் 'டயதர்மி' என்றும் வழங்குகிறது.

அதன் செயல்முறை எளிது. வீட்டில் நாம் பயன்படுத்தும் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அது உடலில் பாய்ந்தால் தசைகள் வெட்டியிழுக்கும், இதயம் நின்றுபோகவும் கூடும். அறுவைக் கருவியின் மின்னோட்டமோ நொடிக்கு மூன்று லட்சம் முறைக்கும் மேல் அலைவது. அத்தனை விரைவான மாற்றத்துக்கு நரம்புகளும் தசைகளும் எதிர்வினை செய்வதில்லை. எனவே மின்னதிர்ச்சி நேராமல் வெப்பம் மட்டும் உண்டாகிறது. பேனா போன்ற கருவியின் கூர்முனையில் மின்னோட்டம் குவிவதால் அங்கே திசு சுடுகிறது. தொடையிலோ முதுகிலோ ஒட்டப்படும் அகன்ற தகட்டின் வழியே அது பரவி வெளியேறுவதால் அங்கே சூடு உணரப்படுவதில்லை. அறுவைக்கு முன் தாலி, மெட்டி, மூக்குத்தி உட்பட உலோக அணிகள் அனைத்தையும் கழற்றித் தருமாறு செவிலியர் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்னோட்டம் வழிமாறி அணி படும் இடத்தில் தோலைச் சுட்டுவிடலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பதும் இதனாலேயே.

கூர்முனை பட்டவுடன் திசுவின் அணுக்களில் உள்ள நீர் கொதித்து ஆவியாகிறது. அணு வெடித்துப் பிளக்கிறது. கத்தியால் அழுத்தி அறுப்பதற்குப் பதில், அணுக்கள் வரிசையாக வெடித்து வழிவிடுவதால் திசு பிரிகிறது. வெப்பத்தைச் சற்றுக் குறைத்துச் செலுத்தினால், முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவது போலக் குருதிநாளத்தின் புரதங்கள் இறுகிக் கசிவை அடைத்துவிடுகின்றன. இரண்டு வேலையையும் ஒரே பேனா செய்துவிடுகிறது.

இதனால் நோயாளிக்குக் கிடைத்த நன்மை பெரிது. குருதி இழப்புக் குறைந்தது. அறுவைக்கு ஆகும் நேரம் குறைந்தது. அறுவை நடக்கும் இடம் மருத்துவரின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே புகைக்கு அஞ்சி இக்கருவியை ஒதுக்குவது தீர்வாகாது. அப்படி எவரும் சொல்வதுமில்லை. வெடித்த அணுக்களிலிருந்து வெளிவரும் நீராவியும், அதில் மிதக்கும் துகள்களும் வாயுக்களும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதே கேள்வி.

புகைக்குள் என்ன இருக்கிறது

அறுவைப் புகையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீராவி. எஞ்சிய 5 விழுக்காட்டில்தான் எல்லாத் தொல்லையும் அடங்கியுள்ளது. கரிந்த திசுத் துகள்கள், அணுக்களின் சிதைவுகள், சில வேளைகளில் நுண்ணுயிர்களின் கூறுகள், இவற்றோடு பல வேதிப்பொருள்கள்.

இவ்வேதிப்பொருள்களுட் சில நமக்கு அறிமுகமானவை, பெயர்தான் தெரிந்திராது. கடாயில் எண்ணெய் மிகையாகக் காய்ந்து புகையும்போது கண் எரிந்து நீர் வழியுமே, அவ்வெரிச்சலைத் தருபவற்றுள் ஒன்று அக்ரோலின். அது அறுவைப் புகையிலும் உண்டு. உடல்களைக் கெடாமல் பாதுகாக்கப் பயன்படும் ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு, பெட்ரோல் ஆவியில் இருக்கும் பென்சீன், வாகனப் புகையில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு ஆகியவையும் இதில் காணப்படுகின்றன. டொலுயீன், ஹைட்ரஜன் சயனைடு எனப் பட்டியல் நீளும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பென்சீனையும் ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உறுதிசெய்யப்பட்ட முதல் பிரிவில் வைத்துள்ளது. அறுவைப் புகையில் இவற்றின் அளவு சிறிதே. ஆனால் சிறிய அளவும் ஒருவர் எத்தனை ஆண்டுகள் அதைச் சுவாசிக்கிறார் என்பதைப் பொறுத்து வேறு பொருள் பெறும்.

துகள்களின் பருமனையும் சொல்ல வேண்டும். நகரக் காற்றின் மாசைப் பற்றிய செய்திகளில் 'பி.எம். 2.5' என்ற சொல்லை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த பருமனுள்ள, நுரையீரலின் ஆழம்வரை செல்லும் தூசியை அது குறிக்கும். மின்கருவிப் புகையின் துகள் சராசரியாக 0.07 மைக்ரான் மட்டுமே. தலைமயிரின் தடிமனில் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. லேசர் கருவியின் புகைத்துகள் சற்றே பெரியது, சராசரி 0.3 மைக்ரான் அளவில் இருக்கும். மூக்கிலும் தொண்டையிலும் உள்ள இயற்கைத் தடுப்புகளைக் கடந்து, உயிர்வளி குருதியில் கலக்கும் காற்றறைகள்வரை இத்துகள்கள் சென்றுவிட வல்லவை.

சிகரெட்டோடு ஒப்பிட்டு ஒரு கணக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 1981இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒரு கிராம் திசுவை மின்கருவியால் சுட்டபோது எழுந்த புகை, பாக்டீரியாக்களின் மரபணுக்களில் மாற்றம் விளைவிக்கும் திறனில் வடிகட்டி இல்லாத ஆறு சிகரெட்டுகளின் புகைக்கு ஒப்பானது என்று கண்டனர். லேசரால் சுட்டால் மூன்று சிகரெட்டுகள். இதைப் படித்துவிட்டு, 'அறுவை மேசையில் படுத்திருந்த என் தந்தை ஆறு சிகரெட் புகைத்ததற்குச் சமமா?' என்று கவலைப்பட வேண்டியதில்லை. அது ஆய்வுக்கூடத்தில் புகை முழுவதையும் சேகரித்துச் செய்த சோதனை. அறுவை அரங்கில் எழும் புகை அறை முழுவதும் பரவி நீர்த்துப்போகிறது. ஒப்பீடு சொல்வது இவ்வளவே: இது சமையலறை ஆவியைப் போல் தீங்கற்றதன்று, புகையிலைப் புகையைப் போல் எச்சரிக்கையோடு அணுக வேண்டியது. (அறுவைக்குக் குறித்த நாளுக்கு நான்கு வாரங்களுக்கு முன்பே பீடி, சிகரெட்டை நிறுத்துமாறு நாங்கள் சொல்வதை அந்தத் தந்தை கேட்டிருந்தால், அவர் நுரையீரலுக்குக் கிடைக்கும் நன்மை அறுவைப் புகையைப் பற்றிய எந்தக் கவலையையும்விடப் பெரிது.)

நுண்ணுயிர்கள் பற்றிய ஐயம்

புகையோடு நோய்க்கிருமியும் பரவுமா? இவ்வினாவுக்கு விடை கிருமிக்குக் கிருமி மாறுபடுகிறது.

மருக்களை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைப் பற்றியே சான்றுகள் மிகுதி. 1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மருக்களை லேசரால் சுட்டபோது எழுந்த ஆவியில் அவ்வைரஸின் டி.என்.ஏ. இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டனர். 1991இல் நார்வே நாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. 44 வயதான லேசர் அறுவை மருத்துவர் ஒருவருக்குக் குரல்வளையில் மருக்கட்டிகள் வளர்ந்திருந்தன. அவற்றில் காணப்பட்ட வைரஸ் வகைகள், பொதுவாகப் பிறப்புறுப்பு மருக்களில் காணப்படுபவை. அத்தகைய மருக்களை லேசரால் அகற்றுவது அவர் செய்துவந்த பணிகளுள் ஒன்று. 2003இல் ஜெர்மனியில், மகளிர் நோய் அறுவைகளில் உதவிவந்த செவிலியர் ஒருவருக்கு ஏற்பட்ட இதே நோய், பணியால் வந்த நோய் என்று முறைப்படி ஏற்கப்பட்டது.

இவை எண்ணிக்கையில் மிகச் சிலவே. ஒவ்வொரு நாளும் உலகெங்கும் நடக்கும் அறுவைகளோடு ஒப்பிட்டால் அரிதினும் அரிது. ஆயினும் அந்தச் செவிலியரின் நிகழ்வு எங்கள் சிந்தனையைத் தொட்டது. கருவியைப் பிடித்திருந்தது வேறொருவர். அருகில் நின்று உதவியவர் அவர். எச்.பி.வி. தொடர்பான சிகிச்சைகளில் ஈடுபடும் மருத்துவப் பணியாளர்கள் அதற்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது என்று அமெரிக்கக் கருப்பைவாய் நோய் வல்லுநர் சங்கம் 2020இல் பரிந்துரைத்தது.

எச்.ஐ.வி. கிருமி அறுவைப் புகையால் ஒருவருக்குப் பரவியதாகப் பதிவான நிகழ்வு எதுவும் இல்லை. ஆகவே, தம் நோயை மருத்துவரிடம் சொன்னால் பணியாளர்கள் புகைக்கு அஞ்சி ஒதுக்கிவிடுவார்களோ என்று எவரும் தயங்க வேண்டா. எந்த நோயையும் மறைக்காமல் சொல்வதுதான் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

யார் சுவாசிக்கிறார்கள்

முழு மயக்கத்தில் இருக்கும் நோயாளி, மூச்சுக்குழாயில் பொருத்திய குழல் வழியே கருவி தரும் தூய வாயுவைச் சுவாசிக்கிறார். அறையில் பரவும் புகை அவர் நுரையீரலை ஏறத்தாழ எட்டுவதே இல்லை. விழித்த நிலையில் இருப்பவர் சிறிதளவு சுவாசிக்கிறார். அது ஓர் அறுவையோடு முடிந்துபோகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும் இருமலோ மூச்சிரைப்போ தூண்டப்படலாம். அதை முன்பே அறிந்திருந்தால் மயக்கவியல் மருத்துவர் தக்க ஏற்பாடு செய்துகொள்வார்.

வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமரா வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் நிலைமை சற்று வேறு. அங்கே கார்பன் டைஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்கிறார்கள். மூடிய அந்த வெளிக்குள்ளேயே புகை சேர்கிறது. அது முதலில் மறைப்பது மருத்துவரின் பார்வையை. கேமராவில் மூடுபனி போலத் தெரியும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வயிற்றின் உட்படலம் வழியே சிறிதளவு குருதியில் கலப்பதும் உண்டு. பொதுவாக அது நோயாளிக்குத் தீங்கு தரும் அளவை எட்டுவதில்லை. புகையை உடனுக்குடன் வெளியேற்றிவிட்டால் இரண்டு தொல்லைகளும் தீரும். ஆனால் வெளியேற்றும் வாயுவை அப்படியே அறைக்குள் திறந்துவிட்டால், அது அருகில் குனிந்து நிற்பவரின் முகத்தில் பீய்ச்சியடிக்கும். 2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது, அவ்வாயுவை வடிகட்டி வழியாகவே வெளியேற்ற வேண்டும் என்று பல நாடுகளின் அறுவை மருத்துவர் சங்கங்கள் வலியுறுத்தின.

இனி மேசையைச் சுற்றி நிற்போரைப் பாருங்கள். அறுவை மருத்துவரும் துணை மருத்துவரும் காயத்தின்மேல் குனிந்து நிற்கிறார்கள். கருவிகளை எடுத்துத் தரும் செவிலியர் அவர்களை அடுத்து நிற்கிறார். தலைமாட்டில் மயக்கவியல் மருத்துவர். அப்பால் தொழில்நுட்பப் பணியாளர், பயிற்சி மாணவர், துப்புரவுப் பணியாளர். ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து அறுவைகள். வாரத்துக்கு ஆறு நாள். இவர்களுள் கருவுற்றிருக்கும் பெண்களும் உண்டு. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 லட்சம் மருத்துவப் பணியாளர்கள் இப்புகைக்கு ஆளாகிறார்கள் என்று அந்நாட்டு அரசின் பணியிடப் பாதுகாப்புத் துறை மதிப்பிட்டுள்ளது.

அறுவை அரங்கின் காற்றோட்ட அமைப்பு இதைக் கவனித்துக்கொள்ளாதா? ஓரளவுக்கு மட்டுமே. அரங்கின் காற்று மணிக்கு 20 முறையேனும் மாற்றப்பட வேண்டும் என்பது நெறி. ஆயினும் மின்கருவியை இயக்கிய ஐந்து நிமிடங்களுக்குள், ஒரு கன அடிக் காற்றில் ஏறத்தாழ 60,000ஆக இருந்த துகள்கள் 10 லட்சம்வரை உயர்ந்ததாக அளவிட்டிருக்கிறார்கள். அது பழைய நிலைக்குத் திரும்ப 20 நிமிடங்கள் ஆயின. அதற்குள் மருத்துவர் எத்தனை முறை பேனாவை அழுத்தியிருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தலைவலி, கண்ணீர் வடிதல், தொண்டைக் கரகரப்பு, இருமல், குமட்டல். அரங்கில் பணிபுரிவோர் சொல்லும் தொல்லைகள் இவை. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தால்தான் மயிரிலிருந்து அந்த வாடை போகும் என்று சொல்வோர் உண்டு. அமெரிக்க அறுவை அரங்குச் செவிலியரிடம் நடத்திய ஒரு கணக்கெடுப்பில், சில மூச்சுத் தொல்லைகள் பொதுமக்களிடம் காணப்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. புற்றுநோயைப் பொறுத்தவரை செய்தி வேறு. 80,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், அறுவை அரங்கில் நெடுங்காலம் பணியாற்றியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும். அச்சமூட்டும் செய்திகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சொல்வது நேர்மையாகாது.

அப்படியானால் இதைப் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்கலாம். எங்கள் கருத்து இது. விறகடுப்பின் முன் அமர்ந்து ஊதுகுழலால் ஊதி ஊதிச் சமைத்த நம் பாட்டிமார்கள் இருமியபோது, 'அடுப்பு என்றால் புகையத்தான் செய்யும்' என்று வீட்டார் விட்டுவிட்டனர். அப்புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. அடுப்புக்கு மேலே ஒரு புகைபோக்கி வைக்க அந்த உறுதிப்பாடு வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இருமலே போதிய காரணம்.

புகையை எழும் இடத்திலேயே பிடித்தல்

'முகக்கவசம் அணிந்துதானே இருக்கிறார்கள்' என்று உறவினர்கள் கேட்பதுண்டு. சாதாரண அறுவை முகக்கவசத்தின் முதல் நோக்கம், அணிந்திருப்பவரின் எச்சில் துளிகள் நோயாளியின் காயத்தில் படாமல் காப்பது. கன்னத்தின் ஓரங்களில் இடைவெளி இருக்கும். அதன் வழியே காற்று தாராளமாக உள்ளே வரும். 0.07 மைக்ரான் துகளுக்கு அது தடையே அன்று. முகத்தோடு பொருந்தும் என்95 கவசம் துகள்களைப் பெரிதும் தடுக்கும்; ஆனால் பென்சீன் போன்ற வாயுக்களைத் தடுக்காது. ஆகவே முகக்கவசம் இரண்டாவது அரண் மட்டுமே.

முதல் அரண் புகை உறிஞ்சும் கருவி. அது சிறிய பெட்டி ஒன்றும், அதிலிருந்து நீளும் குழாயும் கொண்டது. பெட்டிக்குள் இருக்கும் அல்பா வகை வடிகட்டி 0.12 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.999 விழுக்காட்டைப் பிடித்துவிடும். அதனோடு உள்ள கரி அடுக்கு, வாயுக்களையும் வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவும் பயன்தர வேண்டுமானால் குழாயின் வாய் புகை எழும் இடத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பணியிட நலவாழ்வு நிறுவனம் 1996இலேயே அறிவுறுத்தியது. ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலும் பெரும்பகுதி தப்பிவிடும். மின்பேனாவோடு உறிஞ்சுகுழாயும் இணைந்தே வரும் வகை இப்போது கிடைப்பதால், குழாயைத் தனியே ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குருதியையும் நீரையும் உறிஞ்சச் சுவரில் பொருத்தியிருக்கும் சக்‌ஷன் குழாயால் சிறிதளவு புகையைச் சமாளிக்கலாம். அதற்கும் இடையில் ஒரு வடிகட்டி வேண்டும். புகை மிகுந்த அறுவைகளுக்கு அதன் வேகம் போதாது.

இவ்வளவு தெளிவாக வழி இருந்தும் எல்லா அரங்குகளிலும் அது பழக்கத்துக்கு வராததற்குக் காரணங்கள் உண்டு. கருவி இரைச்சலிடும். குழாய் இணைந்த பேனா சற்றுப் பருமனானது. பழைய பேனாவில் கைபழகிய மருத்துவருக்கு அது இடைஞ்சலாகத் தோன்றும். செலவும் உண்டு. 'இத்தனை ஆண்டுகள் இப்படித்தானே செய்தோம்' என்ற பழக்கம் எல்லாவற்றிலும் வலிது. இதைத் தனிமனிதரின் விருப்பத்துக்கு விட்டால் நடவாது என்று கருதியே, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2018இல் அறுவைப் புகையை அகற்றுவதைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கியது. அந்நாட்டில் அத்தகைய சட்டம் இயற்றிய முதல் மாநிலம் அதுவே. அதன் பின் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றியுள்ளன.

நோயாளிகளும் உறவினர்களும் கவனிக்க வேண்டியவை

அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் உங்களைப் பரிசோதிக்கும் நாளில், ஆஸ்துமா, நாட்பட்ட இருமல், புகைப்பழக்கம், பேஸ்மேக்கர் ஆகியவை இருந்தால் தவறாமல் சொல்லுங்கள். விழித்த நிலையில் அறுவை நடக்குமா என்பதையும் கேட்டறியுங்கள். நடக்குமெனில் கருகிய வாடை வரலாம், அருகில் ஒரு கருவி தொடர்ந்து இரையலாம் என்பதை நினைவில் வைத்திருங்கள். வாடை தாங்க முடியாததாக இருந்தாலோ மூச்சு முட்டினாலோ தலைமாட்டில் இருக்கும் மருத்துவரிடம் உடனே சொல்லலாம். அறுவைக்கு இடையூறு செய்கிறோமோ என்ற தயக்கம் வேண்டா. அவர் அங்கே இருப்பதே அதற்காக. பிரசவ அறுவைக்குச் செல்லும் தாய்மார்களிடம் அவர்களுடைய அம்மாவோ அத்தையோ இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், அந்த நேரத்து அச்சம் பாதி குறைந்துவிடும்.

புகை உறிஞ்சும் கருவி பயன்படுத்தப்படுமா என்று அறுவை மருத்துவரைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அது அவர்மீது ஐயம் கொள்வதாகாது. நோயாளியின் தரப்பிலிருந்து இக்கேள்வி வரும்போது அரங்கின் செவிலியர்களுக்கு அது பெரிய துணையாக இருக்கும் என்பதை நாங்கள் அறிவோம்.

வீடு திரும்பும்போது தரப்படும் கட்டணப் பட்டியலில் புகை உறிஞ்சும் பேனாவோ, குழாயோ, வடிகட்டியோ ஒரு வரியாக இருப்பதைக் கண்டு, 'சிகிச்சைக்குத் தொடர்பில்லாத இது எதற்கு?' என்று சிலர் கேட்கிறார்கள். முறையான கேள்விதான். பேனாவும் குழாயும் காயத்தோடும் குருதியோடும் தொடர்பு கொள்வதால் ஒருவருக்குப் பயன்படுத்தியதை மற்றவருக்குப் பயன்படுத்தலாகாது. அதனால் அவை ஒவ்வொரு நோயாளியின் கணக்கிலும் வருகின்றன. பெட்டிக்குள் இருக்கும் பெரிய வடிகட்டி அப்படியன்று. குறிப்பிட்ட மணிநேரம் உழைத்த பின்னரே மாற்றப்படும். பட்டியலில் எந்த வரி விளங்காவிட்டாலும் விளக்கம் கேளுங்கள். சொல்ல வேண்டியது மருத்துவமனையின் கடமை.

மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் சிறு சிகிச்சைகளைப் பற்றியும் ஒரு சொல். மரு, மச்சம், பாலுண்ணி ஆகியவற்றைச் சுட்டு அகற்றும் தோல் சிகிச்சையகங்களிலும், லேசரால் மயிர் நீக்கும் அழகு நிலையங்களிலும் எழுவது இதே வகைப் புகைதான். லேசரால் சுட்ட மயிரிலிருந்து எழும் புகையில் 300க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதாக 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. அங்கே அறுவை அரங்கின் காற்றோட்டம் இராது. அறை சிறியதாக, குளிர்சாதனத்துக்காக அடைத்தும் இருக்கும். சிகிச்சை தொடங்குமுன் புகை உறிஞ்சும் குழாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மரு சுடும்போது கையைப் பிடித்துக்கொண்டு அருகில் அமரும் பெற்றோர், சுடும் இடத்தின்மேல் குனிந்து பார்க்காமல் முகத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் குழந்தைக்கும் ஆளுக்கொரு முகக்கவசம் கேட்டு வாங்கி அணியுங்கள்.